ஆகஸ்டில் ஊற்றிய எண்ணெய்

மார்ச் 6, திங்கள்

பெட்ரோல் ரசீதை மங்கையிடம் வாங்கிக் குறித்துக்கொண்டேன். போன முறை டேங்க் நிரப்பியதிலிருந்து 284 கிலோமீட்டர். இன்று பிடித்தது 26.8 லிட்டர். லிட்டருக்குப் பத்தரை சொச்சம். போன ஆகஸ்டு வரை இந்தக் கார் பதினேழுக்குக் குறைந்து கொடுத்ததில்லை.

கார் மங்கையின் பெயரில் இருக்கிறது. தொலைபேசி அலுவலகத்தில் விருப்ப ஓய்வு பெற்றபோது அவளே வாங்கியது. ஐம்பது வயதில் ஓட்டக் கற்றுக்கொண்டாள். எனக்கு ஓட்டத் தெரியாது. முப்பத்தைந்து வருட நிருபர் வேலையை ஸ்கூட்டரிலேயே முடித்தவன் நான். ஆனால் போன ஜூலையில் ஓய்வு பெற்றதிலிருந்து காரைக் கவனிக்கும் பொறுப்பை எடுத்துக்கொண்டேன். கே.கே. நகரிலிருந்து ஸ்ரீரங்கத்தில் உள்ள அவள் அக்கா வீட்டுக்கு வாரத்தில் நான்கு நாள் போகிறாள். பதினொரு மணிக்குக் கிளம்பினால் ஒன்றரைக்கு வந்துவிடுவாள். போக வர இருபத்திரண்டு கிலோமீட்டர். தினமும் மீட்டரைப் பார்க்கிறேன், சரியாக இருக்கிறது. அக்காவோடு எனக்குப் பேச்சு இல்லை. அவர் மகள் கல்யாண வரவேற்பில், கணவருக்கு மாற்றல் வந்த வருடத்தை அவர் தவறாகச் சொன்னார், நான் திருத்தினேன். அதிலிருந்து இல்லை.

மாலை பானெட்டைத் திறந்து எண்ணெய் அளவுக் கம்பியை உருவிப் பார்த்தேன். மேல் கோட்டையும் தாண்டி ஏறியிருந்தது. விரலில் தேய்த்தால் தண்ணீர் போல ஓடியது. ஆகஸ்டில் மெக்கானிக் சவரிராஜ் ஊற்றிய எண்ணெய். விலை கூடிய, சீக்கிரம் கெடாத சிந்தெடிக் என்று சொல்லி ஊற்றியது.

மார்ச் 9, வியாழன்

துவாக்குடியில் ஆலைகளுக்காக எண்ணெய் பரிசோதிக்கும் கூடம் ஒன்று இருக்கிறது. அங்கிருந்து சுத்தமான பாட்டில் வாங்கி வந்திருந்தேன். எடமலைப்பட்டிபுதூரில் சவரிராஜ் பட்டறைக்கு மங்கை ஓட்ட, நான் பக்கத்தில் உட்கார்ந்து போனோம். இன்ஜின் சூடாக இருக்கும்போதே வடிக்க வேண்டும், முதலில் வருவதையும் கடைசியில் வருவதையும் விட்டு நடுவில் வருவதைப் பிடிக்க வேண்டும் என்று விதி. நானே குனிந்து பிடித்தேன்.

“ரத்தப் பரிசோதனையா சார்? வண்டிய வெறும் வயித்துல கூட்டிட்டு வரச் சொல்லியிருக்கலாமே,” என்றார் சவரிராஜ். மங்கை சிரித்தாள். நான் இருப்பதைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

“அளவுக்கு மேலே ஊற்றியிருக்கிறீர்கள்,” என்றேன்.

“நான் அளவாத்தான் சார் ஊத்துனேன். மிச்சத்தக்கூட டின்னோட அம்மாகிட்ட குடுத்தேனே.”

அவர் மங்கையைப் பார்த்தார். மங்கை எதிரே இருந்த பேருந்து நிறுத்தத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். புது எண்ணெய் ஊற்றி அனுப்பினார்.

மார்ச் 10, வெள்ளி

துவாக்குடிக்குப் பேருந்தில் போய் பாட்டிலைக் கொடுத்தேன். அடிப்படைச் சோதனை போதும் என்றேன். படிவத்தில் ஓடிய தூரம்: 3,140 கிலோமீட்டர். ஓடிய மணி நேரம் என்ற கட்டத்தில் கோடு போட்டேன். அது ஜெனரேட்டருக்கும் பொக்லைனுக்கும் உரியது, காருக்குப் பொருந்தாது.

மார்ச் 17, வெள்ளி

அறிக்கை வந்தது. எண்ணெயின் கெட்டித்தன்மை பத்தரை இருக்க வேண்டிய இடத்தில் ஏழரை. அமிலத்தைத் தாங்கும் சக்தி கால்வாசிக்கு இறங்கிவிட்டது. இரும்புத் துகள் கூடுதல். பத்தாயிரம் கிலோமீட்டர் தாங்க வேண்டிய எண்ணெய் மூவாயிரத்திலேயே செத்துவிட்டது.

கடைசியில் ஒரு குறிப்பு: “எண்ணெயின் தரம் அல்லது வண்டியின் பயன்பாட்டு முறை சரிபார்க்கப்பட வேண்டும்.” முதல் இரண்டு சொற்களின் கீழே சிவப்பில் கோடு போட்டேன்.

காலையில் மங்கைக்குத் தலைவலி. தினமும் அவளுக்கு வாசித்துக் காட்டும் மூன்று பேப்பரையும் முன்பக்கம் மட்டும் வாசித்துவிட்டு நிறுத்திக்கொண்டேன்.

மார்ச் 20, திங்கள்

குற்றம் சாட்டப்படுபவரின் தரப்பைக் கேட்காமல் நான் எழுதியதே இல்லை. பட்டறைக்குப் போனேன்.

“சிந்தெடிக்தான் சார். அம்மா முன்னாடிதான் சீல் ஒடச்சேன்.”

“பிறகு எப்படி இப்படி ஆனது?”

“அது எண்ணெயோட குத்தம் இல்ல.”

“யாருடைய குற்றம்?”

பழந்துணியில் கையைத் துடைத்தார். ஒவ்வொரு விரலாகத் துடைத்தார். “வண்டி எப்படி ஓடுதுன்னு வீட்ல கேளுங்க சார். அதுக்கு மேல நான் சொல்றது முறையில்ல.”

குறிப்பேட்டில் எழுதியது: மறுத்தார். பெண்கள் ஓட்டும் விதத்தின் மீது பழி போடுகிறார்.

மார்ச் 22, புதன்

எண்ணெய் மோசடி பற்றிப் பத்திரிகைக்கு எழுதிய கட்டுரையை மங்கைக்கு வாசித்துக் காட்டினேன்.

“இதப் போடத்தான் வேணுமா?”

“ஏன் போடக் கூடாது?”

“அவரு நல்லவருங்க.”

“நல்லவர் என்பது ஆதாரம் ஆகாது.”

“எண்ணெய் கெட்டுப்போக வேற காரணமே இருக்காதா?”

“இருந்தால் சொல், சேர்க்கிறேன்.”

என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அடுப்பில் பால் இருக்கிறது என்று எழுந்து போனாள். பால் காலையிலேயே காய்ச்சியாகிவிட்டது.

மார்ச் 26, ஞாயிறு

நான் வேலை பார்த்த நாளிதழின் நகர இணைப்பில், மூன்றாம் பக்கம் முழுக்க வந்திருக்கிறது. ‘சிந்தெடிக் விலை, சாதா எண்ணெய்.’ பட்டறையின் பெயரைப் போடவில்லை. பெயர் போடாவிட்டால் யாரும் வக்கீல் நோட்டீஸ் அனுப்ப முடியாது. எங்கள் தொழிலில் பழைய வழி. “எடமலைப்பட்டிபுதூரில் பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே, மஞ்சள் ஷட்டர் போட்ட பட்டறை” என்று எழுதினேன். அந்தச் சாலையில் மஞ்சள் ஷட்டர் ஒன்றுதான். கடைசி வரியில் அவர் தரப்பையும் சேர்த்தேன்: “குற்றச்சாட்டைப் பட்டறை உரிமையாளர் மறுத்தார்.”

பதினான்கு பேர் போனில் பாராட்டினார்கள்.

ஏப்ரல் 3, திங்கள்

போன வாரம் வேறு இடத்தில் எண்ணெயை மாற்றியாயிற்று. என் கண் முன்னால் ஊற்றினார்கள். இன்று பார்த்தால் லிட்டருக்குப் பத்து புள்ளி நான்கு. பெட்ரோல் பங்கின் மீட்டர் மேல் சந்தேகம் வருகிறது.

ஏப்ரல் 11, செவ்வாய்

கட்டுரைக்குப் பலன். பஞ்சப்பூர்ப் பக்கம் ஒரு தனியார் பள்ளியின் ஒன்பது வேன்களையும் சவரிராஜ்தான் பார்த்துவந்தாராம். பள்ளி நிர்வாகம் அவரை நிறுத்திவிட்டது. மேலாளரே கூப்பிட்டு நன்றி சொன்னார். வருகிற கல்வியாண்டுக்கு வேறு பட்டறையோடு பேசப்போகிறார்கள். மற்ற வாடிக்கைக்காரர்களும் இப்போது அவரிடம் போவதில்லையாம்.

சாப்பிடும்போது மங்கையிடம் சொன்னேன். பாதியில் எழுந்து கை கழுவிவிட்டாள். வெயில் ஒத்துக்கொள்ளவில்லை என்றாள்.

இணைப்பின் பொறுப்பாசிரியர் திலீபன் இரண்டாம் பகுதி கேட்கிறார். ஆகஸ்டு டின்னில் மீதியிருந்த அரை லிட்டர் பரணில் இருக்கிறது. அதைத் துவாக்குடிக்குக் கொண்டுபோய், என் பழைய மாதிரியோடு ஒப்பிட்டு முழுச் சோதனை செய்யச் சொன்னேன். மாதிரியை இரண்டு மாதம் பத்திரப்படுத்தி வைப்பது அவர்கள் வழக்கம். போலி எண்ணெய் என்று உறுதிப்பட்டால் இரண்டாம் பகுதி முதல் பகுதியைவிட வலுவாக இருக்கும்.

ஏப்ரல் 19, புதன்

சோதனைக் கூடத்தின் வேதியியலாளர் ஷமீமா பேகம் கூப்பிட்டார்.

“சார், ரெண்டும் ஒரே எண்ணெய்தான். துத்தநாகம், பாஸ்பரஸ், மாலிப்டினம் எல்லாம் அச்சா ஒத்துப்போகுது. நல்ல சிந்தெடிக்.”

“கெட்டித்தன்மை இறங்கியிருக்கிறதே?”

“ஆறு சதவீதம் பெட்ரோல் கலந்திருக்கு. அதான் தண்ணியாயிடுச்சு, அளவும் ஏறியிருக்கும். மொதல்லயே முழுச் சோதனை பண்ணியிருந்தா தெரிஞ்சிருக்கும். படிவத்துல மணி நேரத்துக்குக் கோடு போட்டிருக்கீங்களே, எத்தனை மணி நேரம் ஓடுச்சு?”

“கார்தானே மேடம்.”

“கார்ல இருக்கோம்னு இன்ஜினுக்குத் தெரியுமா சார்? நின்ன இடத்துலயே ஓடிட்டிருந்தா மீட்டர் ஏறாது, எண்ணெய் மட்டும் கெட்டுக்கிட்டே இருக்கும். கம்பெனி டிரைவருங்க வெயிலுக்கு ஏ.சி. போட்டுட்டு உள்ளயே தூங்குவாங்க, அந்த வண்டிங்க எண்ணெய் அப்படியே இப்படித்தான் வரும். உங்க டிரைவரக் கேட்டுப் பாருங்க.”

டிரைவர் இல்லை என்றேன்.

“அப்ப யாரு ஓட்டறாங்களோ அவங்கள.”

ஏப்ரல் 20, வியாழன்

3,140 கிலோமீட்டருக்கு 185 லிட்டர் போதும். ரசீதுகளின்படி பிடித்தது 296. கூடுதல் 111 லிட்டர். நின்றபடி ஏ.சி.யோடு ஓடினால் மணிக்கு ஒரு லிட்டருக்குச் சற்றுக் குறைவு. ஏறத்தாழ நூற்றிருபது மணி நேரம்.

இரண்டு முறை சரிபார்த்தேன்.

ஏப்ரல் 21, வெள்ளி

மங்கைக்கு முன்பே, வங்கிக்குப் போவதாகச் சொல்லிக் கிளம்பி, ஸ்ரீரங்கத்தில் அக்கா வீட்டுத் தெருமுனையில் நின்றேன். 11.38க்குக் கார் வந்தது. தெருவில் திரும்பவில்லை. ஆட்டோ பிடித்துப் பின்னால் போனேன். கொள்ளிடக் கரையில், புங்கமர நிழலில் நிறுத்தினாள். நான் ஐம்பதடி தள்ளி டீக்கடை ஓரமாக நின்றேன்.

11.46 முதல் 12.58 வரை இன்ஜின் நிற்கவில்லை. காருக்கு அடியில் ஏ.சி. தண்ணீர் சொட்டிச் சிறு குட்டையானது. கண்ணாடிகள் ஏற்றியிருந்தன. சீட்டைச் சாய்த்து, செருப்பைக் கழற்றிவிட்டு, இரண்டு காலையும் டேஷ்போர்டு மேல் நீட்டியிருந்தாள். வேறு யாரும் வரவில்லை. கையில் போன் இல்லை. பொட்டலத்திலிருந்து முறுக்கு எடுத்துக் கடித்தாள். அந்தச் சத்தம் எனக்கு ஆகாது என்பதால் வீட்டில் முறுக்கு வாங்குவதில்லை. 12.20 வாக்கில் எதையோ நினைத்துத் தனியாகச் சிரித்தாள்.

திரும்பும் வழியில் அக்கா வீட்டில் விசாரித்தேன். கதவு பூட்டியிருந்தது. பொங்கலுக்கு முன்பே பெங்களூருக்கு, மகள் வீட்டுக்குப் போய்விட்டாராம். பக்கத்து வீட்டம்மா சொன்னார்.

மங்கை எனக்கு முன்பே வீடு வந்துவிட்டாள். “அக்காவின் முட்டி வலி எப்படி இருக்கிறது?” என்றேன்.

“பரவால்லையாம்,” என்றாள்.

ஏப்ரல் 25, செவ்வாய்

திலீபன் இரண்டாம் பகுதி கேட்டார். சோதனை முடிவு தாமதம் என்று சொல்லிவைத்தேன்.

மே 2, செவ்வாய்

சவரிராஜ் பட்டறையில் வேலை பார்த்த இருவரில் ஒருவர் சம்பளம் கிடைக்காமல் நின்றுவிட்டார் என்று மங்கை சொன்னாள். உனக்கு எப்படித் தெரியும் என்றேன்.

“போயிருந்தேன். மன்னிப்பு கேட்டுட்டு வந்தேன்.”

“எதற்கு?”

“உங்களுக்குத் தெரியும். அன்னைக்கு டீக்கடை ஓரமா நின்னீங்களே, வண்டிக் கண்ணாடியில தெரிஞ்சுது. பதினோரு நாளாச்சு. தெரிஞ்சதும் மாத்தி எழுதுவீங்கன்னு பாத்துக்கிட்டிருந்தேன்.”

மீதியையும் அவளே சொன்னாள். ஒரு முறை சமயபுரத்திலிருந்து வரும்போது சவரிராஜ் அவளை அந்த ஆற்றங்கரையில் பார்த்திருக்கிறார். யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டாளாம். பேப்பரில் வந்த பிறகும் அவர் வாயைத் திறக்கவில்லை.

“மார்ச்சிலேயே நீ சொல்லியிருக்கலாம்.”

“சொல்லியிருக்கணும். அந்தத் தப்பு என்னோடது. சொன்னா ஏன்னு கேப்பீங்கன்னு பயந்துட்டேன்.”

இன்ஜினையாவது நிறுத்தியிருக்கலாமே என்றேன். கண்ணாடியை இறக்கினால் போகிறவன் வருகிறவன் எல்லாம், என்னம்மா தனியா இருக்கீங்க, வண்டி நின்னுடுச்சா என்று எட்டிப் பார்க்கிறானாம். மார்கழியில் மட்டும் நிறுத்தி வைத்திருந்தாளாம்.

பிறகு காரணம் கேட்டேன். இருபது நிமிடம் பேசினாள். எல்லாவற்றையும் இங்கே எழுத வேண்டிய அவசியமில்லை. தினமும் காலையில் நான்கு பேப்பரை உரக்கப் படித்துக் காட்டுவதைப் பற்றிச் சொன்னபோது மட்டும் இடைமறித்தேன்: நான்கு இல்லை, மூன்று.

“இதுதாங்க,” என்று எழுந்து போய்விட்டாள்.

மே 9, செவ்வாய்

பத்திரிகை அலுவலகம். இரண்டாவது அறிக்கையைத் திலீபனிடம் காட்டி, திருத்தம் போட வேண்டும் என்றேன்.

“யாருக்கு சார் திருத்தம்? நாமதான் பேரே போடலையே.”

“எல்லோருக்கும் தெரியும், தம்பி.”

“அது அவங்களாத் தெரிஞ்சுக்கிட்டது. இப்ப நாம திருத்தம் போட்டா, ஆமா அந்தப் பட்டறையத்தான் சொன்னோம்னு நாமளே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும். வக்கீல் விடமாட்டாரு. நீங்க சொல்லிக்குடுத்ததுதானே சார்?”

உண்மைதான். பயிற்சி நிருபராக வந்தபோது அவருக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான்.

மே 25, வியாழன்

பதினாறு நாள் யோசித்து, கையெழுத்துப் போட்டு ஒரு கடிதம் தயாரித்தேன். பள்ளி நிர்வாகத்துக்குக் காட்டலாம் என்று சவரிராஜிடமே கொண்டுபோய்க் கொடுத்தேன். பட்டறையில் வண்டி எதுவும் இல்லை. வாசலில் ஸ்டூல் போட்டு ஏறி, ஷட்டருக்குச் சாம்பல் நிறம் அடித்துக்கொண்டிருந்தார். இறங்கி, கையைத் துடைத்துக்கொண்டு படித்தார். ஒரு வரியில் நின்றார்.

“‘உரிமையாளரின் முறையற்ற பயன்பாட்டால் எண்ணெய் கெட்டது ஆய்வில் தெரியவந்துள்ளது.’ உரிமையாளர்னா யாரு சார்?”

“வண்டியின் உரிமையாளர்.”

“ஆர்.சி. புக்குல அம்மா பேருதானே இருக்கு?”

ஆமாம் என்றேன்.

“பேரு போடல. ஆனா படிக்கிறவனுக்குத் தெரியும். எனக்கு எழுதுன மாதிரியே அவங்களுக்கும் எழுதிட்டீங்க.” கடிதத்தை மடித்து என் சட்டைப் பையில் செருகினார். அவர் விரலில் இருந்த பெயிண்ட் பையில் ஒட்டிக்கொண்டது. “இத வெச்சு எனக்கு வேல வர வேணாம். இத்தன நாள் வாய மூடிக்கிட்டிருந்தது எதுக்கு?”

மே 26, வெள்ளி

முப்பத்தைந்து வருடத்தில் ‘நான்’ என்று தொடங்கி ஒரு வரி எழுதியதில்லை. காலை முதல் ஆறு தாள் வீணாயிற்று. ஏழாவது:

“நான் எந்நேரமும் வீட்டில் இருந்ததால், நிம்மதிக்காக என் மனைவி தினமும் ஒரு மணி நேரம் காரில் ஏ.சி. போட்டு உட்கார்ந்திருந்தார். அதனால்தான் எண்ணெய் கெட்டது. சவரிராஜ் ஊற்றியது நல்ல எண்ணெய். அவர் மீது நான் எழுதியது பொய்.”

மங்கையிடம் கொடுத்தேன். நின்றபடியே படித்தாள்.

“தினமும் இல்ல, வாரத்துல நாலு நாள்,” என்றாள்.

திருத்தினேன்.

ஜூன் 5, திங்கள்

பள்ளி மேலாளர் தாளைப் படித்தார். குமாஸ்தாவை வெளியே போகச் சொல்லிவிட்டு இன்னொரு முறை படித்தார்.

“உங்க வீட்டு விஷயத்த எல்லாம் எதுக்கு சார் எழுதிக் குடுத்துக்கிட்டு?”

“அதுதான் காரணம்.”

“புரியுது. ஆனா வேற இடத்துல பேசி, போன வாரந்தான் ஒரு வருஷத்துக்குக் கையெழுத்தாச்சு. அடுத்த வருஷம் பாக்கலாம்.” தாளை ஒரு கோப்பில் வைத்தார். “உங்க கட்டுரைய நம்பித்தானே சார் அவர நிறுத்தினோம்?”

வெளியே வந்தபோது புதுப் பட்டறைக்காரன் ஆட்கள் வேன்களைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். ஒன்பதையும் எண்ணினேன்.

ஜூன் 6, செவ்வாய்

மங்கை பதினொரு மணிக்குக் கிளம்பினாள். எங்கே என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. நான் பேருந்தில் எடமலைப்பட்டிபுதூர் போனேன்.

சவரிராஜுக்கு ஒரு வண்டி வந்திருந்தது, பழைய ஆம்னி. அதற்கு அடியில் படுத்திருந்தார். முழங்காலுக்குக் கீழேதான் வெளியே தெரிந்தது. நான் வந்திருப்பதைச் சொன்னேன். அவர் வெளியே வரவில்லை. ஆகவே அந்தக் கால்களிடமே எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன்: தாளில் எழுதியது, மங்கை படித்தது, மேலாளர் சொன்னது, இந்த வருடம் வேன் வராது என்பது. தவறு முழுக்க என்னுடையது என்றும் சொன்னேன்.

உள்ளே ஸ்பேனர் இரண்டு முறை திரும்பும் சத்தம் கேட்டது.

“சரிங்க சார்,” என்றார்.

வேறு ஏதாவது சொல்வார் என்று நின்றுகொண்டிருந்தேன். நாலைந்து நிமிடம் இருக்கும்.

“சார்.”

“சொல்லுங்க.”

“வெளிச்சத்த மறைக்கிறீங்க. கொஞ்சம் தள்ளிப் போங்க.”

தள்ளிப் போனேன்.